மூன்று மலரும் ஒரு பாட்டும்

பலகாலும் பாடப்படும் பாட்டுக்கு ஓர் இடர் உண்டு. நாவுக்குப் பழகிய அளவுக்கு அது நெஞ்சுக்குப் பழகாமற் போய்விடுதல் கூடும். இசை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால், இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று வீட்டுப் பிள்ளை ஒன்று கேட்டுவிட்டால், நம்மிற் பலர் அடுத்த அடியைப் பாடிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுவோம். சிறுபருவத்தில் மனனஞ் செய்த தேவாரங்களுக்கும் இந்நிலை உண்டு. பாடசாலைக் கீதங்களுக்கும் உண்டு. ஆதலால், நமக்குப் பிடித்த பாட்டொன்றை ஆண்டுக்கு ஒரு முறையேனும் இசையை நிறுத்திவைத்து, உரைநடைபோல வாசித்துப் பார்த்தல் நன்று என்பது எமது கருத்து.

மட்டக்களப்புப் பகுதியிற் பிறந்தவர்களிடம் அவ்வாறு பழகிப்போன பாட்டு எது என்று கேட்டால், பலர் ஒரே பாட்டைத்தான் கூறுவர். சுவாமி விபுலாநந்தர் இயற்றிய, 'ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று' என வழங்கும் பாட்டே அது. பாடசாலை விழாக்களிலும் கலைவிழா மேடைகளிலும் அதனைக் கேளாது வளர்ந்த பிள்ளை இங்கு அரிது. எமக்கும் அது மிக விருப்பமான பாட்டு. அதன் பொருளைப் பற்றிச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளியூர் அன்பர்களுக்காக இந்நிலத்தைப் பற்றி ஓரிரு சொற் கூறிவிடுகிறோம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்பர். வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்பர். ஞாயிறு எழும் பக்கத்தையும் படும் பக்கத்தையும் நோக்கி முன்னோர் இட்ட பெயர்கள் அவை. நாம் வாழும் குருக்கள்மடம் எழுவான்கரையில், கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் உள்ளது. அதே தெருவழியே தெற்கு நோக்கிச் சென்று கல்முனையைக் கடந்தால் காரைதீவு வரும். அவ்வூரில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளையே பின்னாளில் சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

அவர் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம் பெற்றார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியானார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பழந்தமிழ் இசைக்கருவியின் இயல்பைக் கணக்கிட்டு ஆராய்ந்த 'யாழ் நூல்' 1947ஆம் ஆண்டு ஆனி மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு ஆடி 19ஆம் நாளே அவர் இவ்வுலகை நீத்தார். விஞ்ஞானமும் வடமொழியும் ஆங்கிலமும் கைவந்த இத்தகைய அறிஞர் எழுதியவற்றுள் மக்கள் வாயில் நிலைத்தது எது என்று பார்த்தால், சிறுமியர் பாடும் நடையில் அமைந்த இம்மூன்று கண்ணிகளே முன்நிற்கின்றன.

பாட்டின் அமைப்பு மிக எளியது. ஒருத்தி தன் தோழியை விளித்து வினா எழுப்பித் தானே விடையும் கூறுவது போன்று நடை செல்கிறது. இறைவன் திருவடிக்கு ஏற்ற பூ யாது என்பதே வினா. முதலில் மல்லிகையைக் காட்டி, அதுவும் வேண்டா, பிற பூக்களும் வேண்டா, அவன் விரும்புவது உள்ளம் என்னும் தாமரையையே என்கிறாள். அடுத்து இதழ் விரிந்த தாமரையும் கழுநீர் மாலையும் வருகின்றன. அவற்றையும் விலக்கி, கூப்பிய கைகளாகிய காந்தளே அவனுக்கு உரியது என்கிறாள். மூன்றாவதாக வண்டு மொய்க்கும் கொன்றையும், வானுலகக் கற்பகமும் வருகின்றன. அவையும் அல்ல என்று தள்ளி, விழியாகிய நெய்தலைக் காட்டி முடிக்கிறாள். உள்ளம், கை, விழி என்பனவே அம்மூன்று மலர்கள்.

இனி, இப்பாட்டைப் பொருளோடு வாசிப்பவர் மனத்தில் எழும் முதல் ஐயத்தைப் பார்ப்போம். பூவே வேண்டா என்று சுவாமிகள் கூறிவிட்டாரா? அப்படியாயின், விடியற்காலையில் எழுந்து வேலியோரத்துச் செம்பரத்தையையும் நந்தியாவட்டையையும் ஆய்ந்து, தட்டில் வைத்துச் சுவாமி படத்தின் முன் இடும் எமது தாய்மார் வீண்வேலை செய்கின்றனரா? மேடைப் பேச்சாளர் சிலர் இப்பாட்டை எடுத்துக்காட்டி, மனம் இருந்தாற் போதும், பூ எதற்கு என்று முடிப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

அம்முடிபு பாட்டுக்குப் பொருந்தாது என்பதற்குப் பாட்டிலேயே சான்று இருக்கிறது. முதற் கண்ணியில் இறைவன் விரும்புவதாகக் கூறப்பட்ட பூ எது? தாமரை. இரண்டாம் கண்ணியில் வேண்டா என்று விலக்கப்பட்ட பூ எது? அதே தாமரை. ஒரு கண்ணியிற் கொண்டதை அடுத்த கண்ணியில் தள்ளுவாரா ஆசிரியர்? ஆகவே, தாமரைமேல் அவருக்கு வெறுப்பில்லை என்பது தெளிவு. குளத்தில் இருக்கும் தாமரை குளத்துக்கு உரியது. அதைப் பறித்து இடுபவர் குளத்தின் பொருளையே இடுகிறார். தன்னுடையது என்று கூறத்தக்க ஒன்றை இடும்போதுதான் அது கொடை ஆகிறது. இவ்வேறுபாட்டைக் காட்டவே ஒரே பூவை இரண்டு இடத்தில் வைத்தார் என்று கொள்கிறோம்.

மேலும், அவர் துறவியாய் வாழ்ந்த இராமகிருஷ்ண மடங்களில் நாள்தோறும் மலரிட்டு வழிபாடு நடைபெறுகின்றது. மலர் வழிபாட்டின் நடுவே வாழ்ந்த துறவி அதனை இகழ்ந்து பாடியிருப்பாரா? நமது சைவ மரபும் இதையே காட்டுகிறது. கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் எட்டையும் அகப்பூசைக்குரிய மலர்கள் என்று பெரியோர் வகுத்தனர். புறத்தே நந்தவனங்களையும் அவர்களே அமைத்தனர். பெரியபுராணத்துப் பூசலார் நாயனார் பொருள் தேடிக் கிடையாமையால் மனத்துக்குள்ளே கோயில் கட்டினார். காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்தான். இறைவன் அரசன் கனவில் தோன்றி, பூசலார் கோயிலுக்குச் செல்லும் நாள் அது ஆதலால், உன் கோயிற் சடங்கைப் பிறிதொரு நாளிற் செய் என்றாரேயன்றி, உன் கோயிலை இடித்துவிடு என்று கூறவில்லை. இரண்டும் வேண்டும், முந்தியது எது என்பதே கேள்வி.

இன்னொன்றையும் கவனித்தல் தகும். விலக்கப்படும் பூக்களின் வரிசை வீட்டு முற்றத்து மல்லிகையில் தொடங்குகிறது. பின் குளத்துப் பூக்களுக்குச் செல்கிறது. பின் சிவபெருமானுக்கே உரிய கொன்றையைத் தொட்டு, யாருக்கும் எட்டாத கற்பகத்தில் முடிகிறது. தேடல் வரவரத் தொலைவுக்குப் போகிறது, அருமையும் கூடுகிறது. விடைகளோ ஒன்றும் தொலைவில் இல்லை. கேட்பவளிடத்திலேயே இருக்கின்றன. சந்தைக்குப் போக வேண்டியதில்லை. குளத்தில் இறங்க வேண்டியதில்லை. வானுலகுக்கும் ஏற வேண்டியதில்லை. திருவிழாக் காலத்தில் பூமாலையின் விலை கேட்டுத் திரும்பிப்போகும் ஏழைத் தாய்க்கு இதைவிட ஆறுதலான சொல் வேறு உண்டோ?

அம்மூன்று விடைகளுக்கும் இம்மூன்று பூக்களை ஏன் தெரிந்தெடுத்தார் என்பது அடுத்த வினா. உருவ ஒப்புமை வெளிப்படை. மாரிகாலத்தில் வேலியிற் படர்ந்து பூக்கும் கார்த்திகைப்பூவே காந்தள். அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தலைமேற் குவித்த கைவிரல்கள் நினைவுக்கு வராமற் போகா. சங்கப் புலவரும் மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை கூறினர். நீலநிற நெய்தல் கண்ணுக்கு உவமையாதலும் பழைய வழக்கு.

ஆயினும், தமிழ் கற்கும் மாணவர் இன்னும் ஓரடி உள்ளே செல்லலாம். தாமரை மருத நிலத்துப் பூ; காந்தள் குறிஞ்சி நிலத்துப் பூ; நெய்தல் தன் பெயரையே நிலத்துக்குக் கொடுத்த பூ. மருதத்தின் உரிப்பொருள் ஊடல், குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல். இவற்றைப் பாட்டோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளம் கடவுளோடு ஊடுகிறது. ஏன் எனக்கு இப்படிச் செய்தாய் என்று சண்டையிடுகிறது. பிரிந்து கிடந்த இரண்டு கைகளும் கூடுகின்றன. விழி இரங்கி நீர் சொரிகிறது. வழிபாடு என்பது இம்மூன்றும் அன்றி வேறென்ன? சுவாமிகள் இதனைக் கருதியே பாடினார் என்று நாம் சாதிக்க முன்வரவில்லை. பழந்தமிழ் நூல்களில் ஊறிய ஒருவர் பாட்டில் இவ்வாறு எண்ணிப்பார்க்க இடம் இருக்கிறது என்றே கூறுகிறோம்.

விழி என்னும் மலரைப் பற்றி ஒரு சொல். நாட்டம் என்பது தமிழிற் கண்ணையும் குறிக்கும், விருப்பத்தையும் குறிக்கும். ஆகவே, விழியைக் கொடுத்தல் என்பது வெறுமனே பார்த்தல் அன்று. விருப்பத்தோடு ஒன்றையே நோக்கியிருத்தல். வாவிக்கு அப்பால் மண்டூர் முருகன் கோயில் இருக்கிறது. சின்னக் கதிர்காமம் என்று அதனைப் போற்றுவர். அங்கே பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டியிருப்பார். மூலத்தானத்தைத் திரைச்சீலை மறைத்திருக்கும். கூடி நிற்கும் அடியவர் காண்பது திரையை மட்டுமே. எனினும், எவரும் கண்ணை எடுப்பதில்லை. காண்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்திலும் நோக்கிக்கொண்டிருக்கும் அந்த விழிதான் நெய்தல் என்று நமக்குத் தோன்றுகிறது.

இக்கரையில் வாழும் எமக்கு அவ்விழி புதிதன்று. 2009 வரை நீடித்த போரை இந்நாடு கண்டது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் எழுந்து வந்ததை இக்கரை கண்டது. திரும்பி வாராத பிள்ளைக்காக இன்றும் படலையை நோக்கியிருக்கும் தாய்மார் எமது ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு நெய்தலின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

ஆனால், ஒரு பாட்டுக்கு நாம் கூறும் பொருள் சரியா, பிழையா என்பதை நூலறிவால் மட்டும் அறிய இயலாது. அப்பொருளை ஏதேனும் ஒன்றை இழந்து நிற்பவர் முன்னே வைத்துப் பார்த்தல் வேண்டும். இதனை எமக்கு உணர்த்தியவள் ஒரு மாணவி.

படுவான்கரையிலிருந்து 'பாதை' எனப்படும் மிதவையேறி வாவியைக் கடந்து கல்லூரிக்கு வரும் பெண் அவள். குரல் வளம் உடையவள். விழாவுக்கு இப்பாட்டைப் பயிற்றிக்கொண்டிருந்த நாட்களில், முதற் கண்ணியையும் மூன்றாம் கண்ணியையும் நன்றாகப் பாடும் அவள், இரண்டாம் கண்ணி வந்தவுடன் வாயை மூடிக்கொள்வதை நாம் கவனித்தோம். மறந்துவிட்டாள் என்று எண்ண இடமில்லை. பயிற்சிதோறும் அவ்விடத்திலேயே அது நிகழ்ந்தது. பின்பு ஒருநாள் தமிழ்ப் பாடவேளையில் பாட்டுக்குப் பொருள் கூறி, ஐயம் உண்டாயிற் கேளுங்கள் என்றோம். அவள் எழுந்தாள்.

"சேர், எங்கட அப்பாவுக்கு ஒரு கைதான் இருக்கு. அவர் ரெண்டாவது பூவை எப்படிக் குடுக்கிறது?"

வகுப்பு அமைதியாயிற்று. போர்க்காலத்தில், அவள் பிறப்பதற்கு முன்னரே, தந்தை இடக்கையை இழந்தவர் என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். அவள் குறும்பாகக் கேட்கவில்லை. பல நாள் மனத்தில் வைத்திருந்து கேட்டாள் என்பதை அவள் முகம் காட்டியது. கை என்பது ஓர் உவமை, அதைப் பெரிதாக எடுக்க வேண்டா என்று கூறிவிடுதல் எளிது. ஆனால், அவள் வீட்டில் அது உவமை அன்று. மற்றவர்களெல்லாம் கைகூப்பி நிற்கும் இடத்தில் தன் தந்தை நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பா கோயிலுக்குப் போனால் என்ன செய்வார், மகள்?" என்று கேட்டோம்.

"முந்திப் போகமாட்டார் சேர், வெக்கம். இப்ப போவார். இருக்கிற கையை நெஞ்சில வைச்சுக்கொண்டு நிப்பார்."

நாம் மேலும் விளக்கம் கூற வேண்டிய தேவை இருக்கவில்லை, வகுப்பிலிருந்த இன்னொரு மாணவியே கூறினாள்: "அப்ப ரெண்டு பூவும் ஒண்டாக் குடுக்கிறார்தானே." உள்ளத்தின்மேல் கை இருக்கிறது; தாமரையின்மேற் காந்தள் இருக்கிறது. இரண்டு கைகளையும் கூப்பி, மனத்தை வேறெங்கோ அலையவிட்டு நிற்கும் நம் போன்றோரின் வழிபாட்டைவிட அது குறைந்தது என்று யார் கூறுவார்? கேட்டவள் ஒன்றும் பேசாமல் அமர்ந்தாள். விழாவன்று மூன்று கண்ணிகளையும் பாடினாள்.

அந்நாள் முதலாக, உள்ளத்தை ஏன் முதலில் வைத்தார் என்பது எமக்கு ஐயமறத் தெளிந்தது. கையும் விழியும் உள்ளத்தின் கிளைகள். கிளையொன்று முறிந்தாலும் வேர் அந்தப் பூவை வேறு வழியாற் பூக்கச் செய்யும். கையிழந்தவர் நெஞ்சைத் தொட்டு நிற்பார். பார்வை இழந்தவர் மணியோசை வரும் திசைக்கு முகத்தைத் திருப்புவார். அத்திருப்பமே அவருடைய நாட்டம். செல்வம் உள்ளவனுக்கு மட்டும் உரியதன்று இப்பூசை என்று முன்னர்க் கூறினோம். உடல் முழுமையாக உள்ளவனுக்கு மட்டும் உரியதும் அன்று என்பதை இப்பொழுது சேர்த்துக் கூறுகிறோம்.

இன்னும் ஒரு நயம் எஞ்சியுள்ளது. வழிபாட்டுக்கு உரியவை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று என்பது நம்மவர் வழக்கு. இப்பாட்டில் மனம் இருக்கிறது. கையும் விழியுமாகக் காயமும் இருக்கிறது. வாக்கு எங்கே? அதற்கு ஒரு பூவை ஆசிரியர் கூறவில்லை. பாட்டைப் பாடுகிறவர் வாயிலேயே அது இருக்கிறது என்பதால் கூறாது விட்டார் போலும். மூன்று மலர்களையும் எண்ணிச் சொல்லும் குரலே நான்காவது மலர். அம்மாணவி இரண்டாம் கண்ணியில் வாய்மூடி நின்ற நாட்களில், அந்த மலர் அங்கே குறைந்திருந்தது.

மட்டக்களப்பு நகருக்கு அருகே, கல்லடி உப்போடையில், சுவாமிகள் வளர்த்த சிவானந்த வித்தியாலயச் சூழலில் அவரது சமாதி இருக்கிறது. அவர் எழுதிய பேராராய்ச்சிகள் எவையும் அங்கே பொறிக்கப்படவில்லை; இந்த மலர்ப் பாட்டே பொறிக்கப்பட்டிருக்கிறது. விடுமுறைக் காலத்தில் கிழக்குப் பக்கம் வரும் குடும்பத்தினர் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, நின்று வாசிக்கச் செய்தல் வேண்டும்.

வர இயலாதவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். வருகின்ற வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய பின்னர், பிள்ளைகளுக்குத் தெரிந்த பக்திப்பாட்டு எதுவாயினும் சரி, ஒருமுறை பாடச் செய்து, பின் இசையின்றி மெதுவாகச் சொல்லச் செய்யுங்கள். எந்தச் சொல் விளங்கவில்லை என்று கேளுங்கள். எந்த இடத்திற் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள். நமக்கு உடனே விடை தெரியாத கேள்வி ஒன்று வரலாம். வந்தால் அதனை அடக்கிவிடாமல், இருந்து கேளுங்கள். பாட்டின் பொருள் அந்த இடத்திலேதான் தொடங்குகிறது.